தி டவுன் (2010): பார்த்தவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

பாஸ்டன் நகரின் சார்ல்ஸ்டவுன் பகுதியில், ஐரிஷ் வம்சாவளிக் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழும் தெருக்களில் நடக்கும் கொள்ளைக் கதை இது. பென் அஃப்லெக் இயக்கி, அவரே நாயகன் டக் மெக்ரேயாக நடித்தார். கீழே உள்ளவை படம் பார்த்தவர்களிடம் அடிக்கடி எழும் சந்தேகங்களும் சண்டைகளும். கிளைமாக்ஸ் உட்பட எல்லாம் பேசப்படுகிறது. படம் பார்க்காதவர்கள் முதல் இரண்டு கேள்விகளோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

எந்தப் பதிப்பைப் பார்ப்பது?

மூன்று இருக்கின்றன. தியேட்டரில் வந்தது 2 மணி 5 நிமிடம். நீண்ட பதிப்பு இரண்டரை மணி நேரத்தைத் தொடும். அதற்குப் பிறகு, முடிவையே மாற்றிய மூன்றாவது பதிப்பும் டிஸ்க்கில் வந்தது. நீங்கள் பார்க்கும் இடத்தில் பதிப்பின் பெயர் போட்டிருக்காவிட்டால் ஓடும் நேரத்தை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம்.

முதல் தடவை தியேட்டர் பதிப்பே சரி. நீண்ட பதிப்பில் டக் காதலிக்கும் கிளேருக்கும் எஃப்பிஐ அதிகாரி ஃப்ராலிக்கும் கூடுதல் காட்சிகள் கிடைக்கின்றன. அவை பாத்திரங்களுக்கு நல்லது, ஓட்டத்துக்குக் கெட்டது. இரண்டாம் கொள்ளைக்கும் மூன்றாம் கொள்ளைக்கும் நடுவில் படம் மூச்சு வாங்குகிறது என்று சொல்பவர்களில் பாதிப் பேர் நீண்ட பதிப்பைத்தான் பார்த்திருப்பார்கள். கிளேரின் காதல் நம்பும்படி இல்லை என்று நினைப்பவர்கள் இரண்டாம் தடவை நீண்டதைப் போட்டுப் பார்க்கலாம். கொஞ்சம் சமாதானம் ஆவீர்கள், முழுசாக ஆகமாட்டீர்கள்.

பேசுவது புரியவில்லை, என்ன செய்வது?

ஆங்கில சப்டைட்டிலைப் போடுங்கள், வெட்கப்பட ஒன்றும் இல்லை. பாஸ்டன் உழைக்கும் வர்க்கப் பேச்சில் சொல்லின் கடைசியிலும் மெய்யெழுத்துக்கு முன்னும் வரும் ‘ர்’ விழுந்துவிடும். ‘கார்’ என்பது ‘கா’ என்று நீளும், ‘பார்க்’ என்பது ‘பாக்’ ஆகும். டக்கின் நண்பனும் கொள்ளைக் கூட்டாளியுமான ஜெம்மாக வரும் ஜெரமி ரென்னர் இதோடு வாயை முழுதாகத் திறக்காமலும் பேசுவார். ரென்னர் கலிஃபோர்னியாக்காரர். அஃப்லெக் பாஸ்டனுக்கு ஆற்றுக்கு அக்கரையில் உள்ள கேம்பிரிட்ஜில் வளர்ந்தவர். இருந்தும் பேச்சில் அந்த ஊர்க்காரனாகவே தெரிபவர் ரென்னர்தான் என்பது பரவலான அபிப்பிராயம். அதற்காக மட்டும் இல்லாவிட்டாலும், அந்த வேடத்துக்குத் துணை நடிகருக்கான ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது.

கிளேராக வரும் ரெபெக்கா ஹால் ஆங்கிலேயர். ஆனால் அவர் பேச்சில் சார்ல்ஸ்டவுன் வாடையே இல்லாததைக் குறையாக எடுக்கக் கூடாது. கிளேர் வெளியூரிலிருந்து குடியேறியவள். அந்த வித்தியாசம் காதில் விழ வேண்டும் என்பதுதான் திட்டம்.

‘டவுனி’, ‘டூனி’ என்கிறார்களே, யார் யார்?

சார்ல்ஸ்டவுனில் பிறந்து வளர்ந்தவன் டவுனி. சம்பளம் நன்றாக வாங்கிக்கொண்டு, பழைய செங்கல் வீடுகளைப் புதுப்பித்துக் குடிவந்தவன் டூனி. இரண்டாவது, கேலிச் சொல். கிளேர் டூனி; இவர்கள் கொள்ளையடித்த வங்கியின் மேலாளர். டக்கும் ஜெம்மும் டவுனிகள். இந்த ஒரு கோட்டைப் பிடித்துக்கொண்டால் படத்தின் பாதிக் கோபம் புரியும். ஜெம்முக்குக் கிளேர் மேல் இருக்கும் வெறுப்பில் சாட்சி என்ற பயம் ஒரு பங்குதான். தன் ஊரை விலைக்கு வாங்க வந்தவள் என்ற எரிச்சல் மறு பங்கு.

ஊர் சின்னது, சுமார் ஒரு சதுர மைல். சார்ல்ஸ் ஆறும் மிஸ்டிக் ஆறும் அணைத்த தீபகற்பம். 1840களின் உருளைக்கிழங்குப் பஞ்சத்துக்குப் பிறகு அயர்லாந்திலிருந்து வந்தவர்கள் இங்கே குவிந்தார்கள். 1874இல் பாஸ்டனோடு இணைக்கப்பட்டது. ஊருக்கு வேலை கொடுத்த கடற்படைக் கப்பல் தளம் 1974இல் மூடப்பட்டது. அடுத்த ஆண்டே, பள்ளிகளில் இன ஒதுக்கலை நீக்கப் பிள்ளைகளைப் பேருந்தில் வேறு பகுதிகளுக்கு அனுப்பும் நீதிமன்ற உத்தரவு சார்ல்ஸ்டவுன் பள்ளிகளுக்கும் வந்து, தெருவெல்லாம் கலவரம். வேலை போனது, வெளி உலகத்தின் மேல் நம்பிக்கை போனது, பிறகு வீட்டு விலை ஏறி வீடும் போனது. படம் இதில் எதையும் வாய்விட்டுச் சொல்வதில்லை. டக்கின் அப்பா சிறையில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் அந்த ஒரே காட்சியில், கிறிஸ் கூப்பரின் முகத்தில் அத்தனையும் இருக்கிறது.

சார்ல்ஸ்டவுனில்தான் கொள்ளையர்கள் அதிகம் என்று தொடக்கத்தில் போடுகிறார்களே, நிஜமா?

பாதி நிஜம். வங்கியையும் பணம் ஏற்றும் கவச வண்டியையும் குறிவைக்கும் குழுக்கள் அங்கிருந்து வந்தது உண்மை. 1994இல் நியூ ஹாம்ப்ஷயரின் ஹட்சனில் கவச வண்டிக் காவலர்கள் இருவர் கடத்திக் கொல்லப்பட்டார்கள்; அந்த வழக்கில் தண்டனை பெற்றவர்கள் சார்ல்ஸ்டவுன்காரர்கள். போலீஸிடம் யாரும் வாய் திறக்கமாட்டார்கள் என்ற எழுதப்படாத ஊர்க்கட்டுப்பாடும் உண்மை. பட்டப்பகலில் நடந்த கொலைகளுக்குக்கூடச் சாட்சி கிடைக்காமல் போயிருக்கிறது.

பொய் எங்கே என்றால், காலத்தில். அந்தத் தொழிலின் உச்சம் 1990களோடு முடிந்தது. படமோ அதை 2010இன் நிகழ்காலமாகக் காட்டுகிறது. பாஸ்டனில் ஆண்டுக்கு 300க்கு மேல் வங்கிக் கொள்ளை என்று முதலில் வரும் அட்டையைப் புள்ளிவிவரமாக எடுத்துக்கொண்டு எங்கும் மேற்கோள் காட்டாதீர்கள், மாட்டிக்கொள்வீர்கள். ஊர்க்காரர்கள் கோபப்பட்டதில் நியாயம் உண்டு. இயக்குநருக்கும் அது தெரிந்திருக்கிறது: கடைசியில், இந்த ஊரில் பெரும்பான்மையோர் எங்கும் உள்ளவர்களைப் போன்ற நல்லவர்களே என்று ஒரு வரி வருகிறது. இரண்டு மணி நேரம் அடித்துவிட்டுத் தைலம் தடவுவது போல.

தன்னைப் பணயமாகப் பிடித்தவனை அடையாளம் தெரியாமல் கிளேர் காதலிப்பது நம்பும்படியாகவா இருக்கிறது?

படத்தின் மேல் வைக்கப்படும் முதல் குற்றச்சாட்டு இதுதான். இயந்திரம் எப்படி ஓடுகிறது என்று பார்ப்போம். கொள்ளையில் நால்வரும் மண்டையோட்டு முகமூடி. கிளேரின் கண்ணைக் கட்டி, வண்டியில் கொண்டுபோய்க் கடற்கரையில் இறக்கி, கால்விரலில் தண்ணீர் படும்வரை நடக்கச் சொல்கிறார்கள். அவள் ஓட்டுநர் உரிமத்தை எடுத்துப் பார்த்தால், தங்கள் தெருவிலிருந்து சில தெரு தள்ளியே குடியிருக்கிறாள். ஜெம் அவளை ‘கவனித்துக்கொள்கிறேன்’ என்கிறான். அதன் பொருள் தெரிந்த டக், அந்த வேலையைத் தானே வாங்கிக்கொள்கிறான். துணி துவைக்கும் கடையில் அவள் சட்டையில் ரத்தக் கறையைப் பார்த்து உடைந்து அழுவது அவன் கண்ணில் படுகிறது. அங்கிருந்து தொடங்குகிறது.

குரலை வைத்துக் கண்டுபிடித்திருக்க மாட்டாளா என்று கேட்கிறார்கள். கொள்ளையில் கத்துவதும் அடிப்பதும் ஜெம். டக் குறைவாக, தாழ்ந்த குரலில் பேசுகிறான். அதிர்ச்சியில் இருப்பவளுக்கு அது பதியாமல் போகலாம் என்று படம் கேட்டுக்கொள்கிறது. அந்தச் சலுகையைக் கொடுத்துவிடலாம்.

கொடுக்கக் கூடாத சலுகை வேறு. ஒருவன் கழுத்தின் பின்புறம் பச்சை குத்தியிருந்ததைப் பார்த்தேன், எஃப்பிஐயிடம் சொல்லட்டுமா என்று அவள் டக்கிடமே யோசனை கேட்கிறாள். சொன்னால் சாட்சிப் பாதுகாப்பு என்று உன்னை எங்கேயாவது கண்காணாத இடத்துக்கு அனுப்பிவிடுவார்கள் என்கிறான் அவன். அக்கறை மாதிரி இருக்கிறது. உண்மையில் நண்பனையும் தன்னையும் காப்பாற்ற, அவள் பயத்தின் மேல் ஏறி நிற்கிறான். படம் இதைக் காதலின் மென்மையான கணமாகப் படமாக்கியிருக்கிறது. காதல் பகுதி உறுத்துகிறது, ஆனால் எங்கே என்று தெரியவில்லை என்பவர்கள் இந்த இடத்தைத் திரும்பப் போட்டுப் பாருங்கள்.

சிறந்த காட்சி எது என்பதில் ஏன் இவ்வளவு ஒற்றுமை?

மூன்று துப்பாக்கிச் சண்டை இருக்கும் படத்தில், ஜனங்கள் சொல்வது ஒரு காபிக்கடை மேசையை. டக்கும் கிளேரும் வெளியே வெயிலில் உட்கார்ந்திருக்கிறார்கள். அழைக்காமலே ஜெம் வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்கிறான். அவன் கழுத்தின் பின்னால்தான் அந்த ஐரிஷ் சண்டைக்காரன் பச்சை. அது நமக்குத் தெரியும், டக்குக்குத் தெரியும். கிளேர் அதைப் பார்த்திருக்கிறாள் என்பது ஜெம்முக்குத் தெரியாது.

இந்தத் தகவல் பங்கீடுதான் காட்சியைத் தூக்குகிறது. ஜெம் தலையைத் திருப்பினால் முடிந்தது. டக்கின் கண் எங்கே போகிறது, ஜெம் எப்போது பக்கவாட்டில் சாய்கிறான் என்பதை மட்டும் கவனித்தால் போதும். யாரும் குரலை உயர்த்துவதில்லை. ஜெம் சிரித்துச் சிரித்து விசாரிக்கிறான், எப்படிச் சந்தித்தீர்கள், என்ன வேலை என்று. ஒவ்வொரு கேள்வியும் டக்குக்கு மட்டும் கேட்கும் மிரட்டல்.

கன்னியாஸ்திரி முகமூடிக் கொள்ளையில் அந்தப் போலீஸ்காரர் ஏன் ஒன்றும் செய்யவில்லை?

நார்த் எண்ட் பகுதியின் குறுகலான சந்துகளில் துரத்தல் முடிந்து வண்டி மாற்றும்போது, ரோந்து வண்டியில் தனியாக ஒரு வயதான போலீஸ்காரர் உட்கார்ந்திருக்கிறார். எதிரே கிழட்டுக் கன்னியாஸ்திரி முகமூடியோடு, நீளத் துப்பாக்கிகளோடு நாலு பேர். அவர் பார்க்கிறார். பிறகு மெல்ல முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொள்கிறார்.

லஞ்சம் வாங்கியவரா என்று கேட்பவர்கள் உண்டு. அப்படி எந்தத் தடயமும் படத்தில் இல்லை. கைத்துப்பாக்கியோடு ஒற்றை ஆள், நாலு தானியங்கித் துப்பாக்கிகளின் முன்னால்: கணக்கு அவ்வளவுதான். தியேட்டரில் சிரிப்பு எழும் இடம் இது. ஊரே வாய் மூடிக்கொள்ளும் கதையில், சட்டமும் கண்ணை மூடிக்கொள்ளும் ஐந்து வினாடி. வசனமே இல்லை.

எஃப்பிஐக்குத் துப்பு எப்படிக் கிடைத்தது?

இரண்டு வழி. முதலாவது, வங்கியின் அலாரத் தொடர்பைத் துண்டித்த விதம். தொலைபேசி இணைப்புகளைத் தெரிந்த ஆள்தான் செய்திருக்க முடியும் என்று ஃப்ராலி அங்கே பிடிக்கிறார். நால்வரில் டெஸ் தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்ப்பவன். ரசாயனம் ஊற்றி டிஎன்ஏ தடயத்தை அழித்தவர்கள், மாதச் சம்பளப் பட்டியலில் இருந்த பெயரை அழிக்க முடியவில்லை.

இரண்டாவது கிறிஸ்டா, ஜெம்மின் தங்கை. டக் கழற்றிவிட்டுப் போகிறான் என்ற ஆத்திரம், போதை, மகளை வைத்துக்கொண்டு ஓட்டிய வண்டி விபத்து. பிள்ளையைப் பறித்துவிடுவார்கள் என்று ஃப்ராலி ஆஸ்பத்திரியில் வைத்தே அழுத்துகிறார். ஃபென்வே பார்க் திட்டம் அங்கேதான் கசிகிறது. பிளேக் லைவ்லிக்கு இந்த வேடத்தில் கிடைத்த நேரம் போதாது என்ற புகார் சரியானதே. ஊரைவிட்டுப் போக டக்குக்கு வாய்ப்பாவது இருக்கிறது. இவளுக்கு அந்த எண்ணமே வர வழியில்லை.

ஃப்ராலியாக வரும் ஜான் ஹாம் வில்லன் மாதிரி இருக்கிறாரே என்பவர்களுக்கு: அவர் சட்டப்படி செய்வது எல்லாம் சரி, மனிதர்களைக் கையாளும் விதம் ஜெம்முக்குக் கொஞ்சமும் குறையாத முரட்டுத்தனம். நாயகனே இயக்குநராக இருக்கும்போது போலீஸ்காரனுக்கு இப்படித்தான் வெளிச்சம் விழும்.

ஃபென்வே கொள்ளையில் என்ன தவறியது?

ஃபென்வே பார்க் 1912இல் திறந்த பேஸ்பால் மைதானம். படப்பிடிப்பும் அங்கேயே நடந்தது. போலீஸ் உடையில் உள்ளே போய், ஆம்புலன்ஸ் ஊழியர் உடையில் வெளியே வருவது திட்டம். திட்டத்தில் ஓட்டை இல்லை. முன்கூட்டியே தெரிந்துவிட்டதால் ஆயுதப் படை வெளியே காத்திருக்கிறது. மூவர் சாகிறார்கள், டக் மட்டும் போலீஸ் உடையோடு கூட்டத்தில் கரைகிறான்.

ஜெம்மின் கடைசி நிமிடத்தைத் தவறவிடாதீர்கள். சுற்றி வளைக்கப்பட்டு, குண்டடி பட்டு, ஒதுங்கிய இடத்தில் யாரோ போட்டுவிட்டுப் போன குளிர்பானக் கோப்பை கிடக்கிறது. எடுத்து ஒரு உறிஞ்சு உறிஞ்சிவிட்டு எழுந்து குண்டுகளுக்கு எதிரே நடக்கிறான். டக்குக்காக ஒருவனைக் கொன்று ஒன்பது வருடம் உள்ளே இருந்தவன். மறுபடி சிறைக்குப் போவதில்லை என்று முன்பே முடிவு செய்துவிட்டான். இந்தப் படத்தில் தன்னைப் பற்றிப் பொய் சொல்லாத ஒரே ஆள் ஜெம்தான்.

‘வெயில் நாள்’ என்று கிளேர் போனில் சொன்னது காட்டிக்கொடுப்பதா, காப்பாற்றுவதா?

காப்பாற்றுவது. மொழிபெயர்ப்பில் எளிதாக நழுவும் இடம் இது, எனவே வரிசையாக. முன்பொரு காட்சியில், தன் தம்பி இறந்த நாள் நல்ல வெயிலடித்த நாள், அதிலிருந்து வெயில் நாள் என்றாலே சாவுதான் நினைவுக்கு வரும் என்று டக்கிடம் சொல்லியிருக்கிறாள். கடைசியில் எஃப்பிஐ அவள் வீட்டில் உட்கார்ந்து ஒட்டுக்கேட்கிறது. டக் எதிர்க் கட்டடத்திலிருந்து அவர்களைப் பார்த்துக்கொண்டே போன் செய்கிறான், அதாவது சோதிக்கிறான். அவள் வா என்கிறாள், நெஞ்சு உடைகிறது. பிறகு, நீ வந்தால் அது என் வெயில் நாள் போல இருக்கும் என்று சேர்க்கிறாள். கேட்பவர்களுக்கு ஆசை வார்த்தை. அவனுக்கு மட்டும் ‘வந்தால் செத்தாய்’.

சப்டைட்டிலில் முன் காட்சிக்கு ஒரு சொல்லும் இங்கே வேறு சொல்லும் போட்டிருந்தால் இந்த முடிச்சே தெரியாது. பலருக்குக் குழப்பம் வந்தது அதனால்தான்.

கிளேருக்காக டக் தோட்டத்தில் விட்டுப்போன பணப்பையில் இருந்த பழம் எதற்கு?

கமலா ஆரஞ்சு. அதன் ஆங்கிலப் பெயரிலேயே, டேஞ்சரின் என்று, ஃப்ளோரிடாவில் ஓர் ஊர் இருக்கிறது. ஆறு வயதில் தன்னை விட்டுப்போன அம்மா அங்கேதான் போயிருப்பாள் என்று டக் நம்பிக்கொண்டிருந்தான். பூக்கடை நடத்தும் தாதா ஃபெர்கி ரோஜாக் காம்பை நறுக்கிக்கொண்டே உண்மையைப் போட்டு உடைக்கிறான்: அவளைப் போதைக்குப் பழக்கியது அவனே, அவள் தன் உயிரை மாய்த்துக்கொண்டாள். அந்த வேடத்தில் பீட் போஸ்ல்த்வெய்ட். படம் வந்த சில மாதத்தில், 2011 ஜனவரி 2 அன்று இறந்துபோனார். பழம், டக் எந்தப் பக்கம் போனான் என்பதற்குக் கிளேருக்கு மட்டும் தெரியும் முகவரி. பணத்தை அவள் டக்கின் அம்மா பெயரில் ஐஸ் ஹாக்கித் தளத்தைப் புதுப்பிக்கக் கொடுத்துவிடுகிறாள்.

மாற்று முடிவில் என்ன நடக்கிறது? எது மேல்?

கிளேரைத் தொந்தரவு செய்தவர்களை டக்கும் ஜெம்மும் வீடு புகுந்து அடித்து நொறுக்கும் காட்சி நினைவிருக்கிறதா? கேள்வி கேட்காமல், யாருடைய வண்டியில் போகலாம் என்று மட்டும் ஜெம் கேட்பானே, அதே. மாற்று முடிவில் டக் தப்பிக்கும் வழியில் அந்த ஆட்களிடம் மாட்டிச் சாகிறான். சக் ஹோகன் 2004இல் எழுதிய மூல நாவலிலும் டக் பிழைப்பதில்லை.

ரசிகர்கள் இரண்டு பட்டாளம். தியேட்டர் முடிவுதான் படத்துக்கு இதம் தருகிறது என்பது ஒன்று. இத்தனை பேரைச் சாகவிட்டு, ஆற்றோர வீட்டில் தாடியோடு சூரியனைப் பார்க்க அவனுக்கு என்ன தகுதி என்பது மற்றொன்று. எங்கள் ஓட்டு இரண்டாவதற்கு, ஆனால் மாற்று முடிவுக்கு அல்ல. அவசரமாக ஒட்டிய மாதிரி இருக்கிறது. கர்மவினை வரும் வழி சரி, வரும் நேரம் சரியில்லை.

இதே மண்ணில் அடுத்து என்ன பார்க்கலாம்?

சார்ல்ஸ்டவுனிலேயே வேண்டுமென்றால் 1998இல் வந்த மான்யூமென்ட் அவென்யூ. கொள்ளை குறைவு, வாய் மூடும் வழக்கம் அதிகம். அஃப்லெக் இயக்கிய முதல் படம் கான் பேபி கான் (2007), களம் டார்செஸ்டர். சவுத் பாஸ்டன் தாதா உலகத்துக்கு தி டிபார்ட்டட் (2006). அதன் மூலம் ஹாங்காங் படம் என்பதை மறந்துவிட்டு ஐரிஷ் ஆவணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மிஸ்டிக் ரிவர் (2003) காட்டும் பேட்டைக்கு நாவலாசிரியர் கற்பனைப் பெயர் வைத்தார்; வரைபடத்தில் தேட வேண்டாம். எல்லாவற்றுக்கும் தாத்தா 1973இன் தி ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் எடி கோய்ல்.

பாஸ்டன் போனால் படத்தில் வரும் இடங்களைப் பார்க்க முடியுமா?

நார்த் எண்ட் சந்துகளும் ஃபென்வேயும் அப்படியே இருக்கின்றன. தொடக்கத்தில் வரும் வங்கியைக் கேம்பிரிட்ஜில் தேடினால் கிடைக்காது. சார்ல்ஸ்டவுனுக்கு ஆரஞ்சு வழித்தட ரயிலில் கம்யூனிட்டி காலேஜ் நிலையத்தில் இறங்கி மேட்டில் நடக்கலாம். படத்தில் வானத்தை ஒட்டி அடிக்கடி தெரியும் கல்தூண் பங்கர் ஹில் நினைவுச்சின்னம், 221 அடி. உள்ளே 294 படி, லிஃப்ட் கிடையாது. தண்ணீர் கொண்டு போங்கள்.